பேங்க் சேல்ஸுக்கு இரண்டரை நட்சத்திரம், இன்சூரன்ஸுக்கு மூன்று

ஹோட்டலுக்கும் மிக்சிக்கும் ரிவ்யூ எழுதுகிறார்கள். எனக்குச் சோறு போட்டது இரண்டு வேலைகள், நான் அதற்கு எழுதுகிறேன். 2016லிருந்து நாலு வருஷம் திருச்சியில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் சேல்ஸ் ஆபீசர். 2020லிருந்து எல்.ஐ.சி. ஏஜென்ட்.

பேங்க்கில் சேர்ந்த மறு மாதமே பெண் பார்க்கப் போனோம். "பையன் பேங்க்ல இருக்கான்" என்று அப்பா சொன்னதும் மாமனார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஏசிக்குக் கீழே கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருப்பேன் என்று நினைத்திருக்கிறார். நான் இருந்தது தில்லைநகர் அபார்ட்மென்ட் வாசல்களில், பேங்க் பெயர் போட்ட குடைக்குக் கீழே. கையில் வந்த சம்பளம் 16,500. மாதத்துக்குப் பதினைந்து கணக்கு பிடிக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் இருக்க வேண்டும். மாசக் கடைசியில் ஒன்றிரண்டு குறைந்தால் சிநேகிதன் பெயரில் கணக்கைத் தொடங்கி நம் காசையே போட்டுவிட்டு ஐந்தாம் தேதி எடுத்துக்கொள்வோம். எங்கள் கிளையில் ஒரே பத்தாயிரம் எத்தனை பேர் கணக்கைச் சுற்றி வந்தது என்று அந்தப் பத்தாயிரத்துக்குத்தான் தெரியும்.

சாயங்காலம் ஏழு மணிக்கு ரிவ்யூ கால். பதினெட்டுப் பேர் காது கொடுத்துக்கொண்டிருக்க, "இன்னிக்கு எத்தனை?" என்பார்கள். "ஜீரோ சார்." அதற்கப்புறம் வருவதை இங்கே எழுத முடியாது. கால் முடியும் வரை என் மனைவி மிக்சியைப் போட மாட்டாள். எங்கள் வீட்டில் சட்னியே ரிவ்யூவைப் பொறுத்துத்தான்.

ஆனால் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை கதவைத் திறக்கும், அதை மறுக்கக் கூடாது. பெரிய கடைவீதியில் எந்தக் கடையில் ஏறினாலும் "உக்காருங்க சார், டீ சொல்லட்டுமா?" என்பார்கள். ஜனங்கள் நம்புவது பேங்க்கை, நம்மை இல்லை. அந்த நம்பிக்கையை எதற்குச் செலவழிக்கிறோம் என்பதில்தான் நான் அரை நட்சத்திரத்தைக் குறைத்தேன்.

பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், ஐந்து லட்சம் எஃப்.டி.யைப் புதுப்பிக்க வந்தார். மஞ்சள் பையில் ரசீதைச் சுருட்டி வைத்திருந்தார். நான்தான் அவரை ஆர்.எம். (ரிலேஷன்ஷிப் மேனேஜர்) மேஜைக்கு அழைத்துப் போனேன். "அய்யா, இதுவும் டெபாசிட் மாதிரிதான், வருஷம் ஒரு லட்சம், அஞ்சே வருஷம்." விற்றது இன்சூரன்ஸ் பாலிசி. இரண்டு நாள் கழித்துச் சரிபார்க்க போன் வந்தபோது அவரைக் கிளையிலேயே உட்கார வைத்திருந்தோம். "எது கேட்டாலும் ஆமான்னு சொல்லுங்க." அவர் ஒவ்வொரு கேள்விக்கும் என் முகத்தைப் பார்த்துவிட்டு "ஆமா" என்றார். நடுவில் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "தம்பி, இது எஃப்.டி. தானே?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். பாண்ட், அதாவது பாலிசிப் பத்திரம், கைக்கு வந்து 15 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம் (இப்போது 30 நாள்). அதை ஆர்.எம். சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் தவணை கட்டச் சொல்லி எஸ்.எம்.எஸ். வந்து அவர் கிளைக்கு ஓடி வந்தபோது நான் வேறு கிளை, ஆர்.எம். வேறு பேங்க்.

இன்சூரன்ஸில் இப்படி ஓட முடியாது. ஏஜென்ட் ஆக எழுத வேண்டிய ஐசி 38 பரீட்சையில் 50 கேள்வி, 35 சதவீதம் எடுத்தால் பாஸ், அது பெரிய விஷயமே இல்லை. அதற்கப்புறம்தான் இருக்கிறது. முதல் மாதம் சித்தப்பா, இரண்டாவது மாதம் மச்சினன், மூன்றாவது மாதம் கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலை காலி. "டேய், பாலிசி பேச்சு எடுக்க மாட்டேன்னா உக்காருறேன்" என்று பெரியப்பா மகன் நின்றுகொண்டே சொன்னான். பாலிசி போட ஒத்துக்கொள்கிறவரும், "முதல் தவணையை நீயே கட்டிடுப்பா, மத்த ஏஜென்ட்டெல்லாம் கட்டுறான்ல" என்பார். இப்படிக் கமிஷனை விட்டுக்கொடுப்பது 1938ஆம் வருஷத்து இன்சூரன்ஸ் சட்டம் 41ஆவது பிரிவுப்படி தப்பு, அபராதம் 10 லட்சம் வரை. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

காசுக் கணக்கு இது. நான் சேர்ந்தபோது நீண்ட கால எண்டோமென்ட் பாலிசிக்கு (சேமிப்பும் காப்பீடும் சேர்ந்தது) கமிஷன் முதல் வருஷம் 25 சதவீதம், அடுத்த இரண்டு வருஷம் 7.5, பிறகு 5. போனஸ் கமிஷன் தனி. மாதம் 2,000 கட்டுகிறவரிடமிருந்து முதல் வருஷம் 6,000, பிறகு 1,800, நாலாம் வருஷத்திலிருந்து 1,200. முதல் வருஷம் எனக்கு பேங்க் சம்பளத்தில் பாதி கூட வரவில்லை, மனைவியின் வளையல் அடகுக்குப் போனது. இரண்டாம் வருஷம் திருப்பினோம். இப்போது பழைய தவணைகளிலிருந்தே வீட்டு வாடகை வந்துவிடுகிறது. பேங்க்கில் ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி சிலேட்டைத் துடைத்துவிடுவார்கள்.

அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருந்தவர் பைக் விபத்தில் போய்விட்டார். பாலிசி போட்டு இரண்டு வருஷம். மூன்று வருஷத்துக்குள் இறந்தால் விசாரணை உண்டு. எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, க்ளெய்முக்கான 3783 படிவம், பாண்ட் என்று அலைந்தேன். பாண்ட் அரிசி டின்னுக்கு அடியில் இருந்தது. இறந்தவர் மனைவியின் தம்பி வாசலில் மறித்து, "உங்களுக்கு இதுல எவ்ளோ வரும்?" என்று கேட்டார். க்ளெய்முக்கு ஏஜென்டுக்கு ஒரு பைசா கிடையாது என்றேன். அவர் நம்பவில்லை. பணம் கணக்கில் ஏறிய அன்று மட்டும் போன் செய்து, "அண்ணே, வந்துருச்சு" என்றார். வைத்துவிட்டார்.

மற்றபடி, பாலிசித் தவணைக்கு வரிச் சலுகை இல்லாத புதிய வருமான வரி முறை வந்தபின் மார்ச் மாதக் கூட்டம் பாதியாகிவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதால் "வரி வேற போடுறாங்களே" என்ற சாக்கு ஒழிந்தது. வேறு சாக்கு கண்டுபிடித்துவிட்டார்கள்.

இருபத்திரண்டு வயதுப் பையன் என்றால் ஒன்றரை வருஷம் பேங்க்கில் இருந்துவிட்டு வா என்பேன். பேசக் கற்றுக்கொள்ளலாம், கூச்சம் போகும். ஒரு வருஷச் சாப்பாட்டுக்குக் கையில் காசு இல்லாமல் இன்சூரன்ஸுக்கு வராதே. பெட்ரோல், டீ, ஜெராக்ஸ் எல்லாம் நம் பாக்கெட்டிலிருந்துதான். போன் நம்பரையும் மாற்ற முடியாது.