மரப்படியும் குசினி அலுமாரியும்: கிளிநொச்சி வீட்டில் சில வருட அனுபவம்

வவுனியாவில் மேல்மாடி எடுக்கிற நண்பன் ஒருவன் கேட்டான்: "மச்சான், உங்கட வீட்டில மரப்படிதானே? நாங்களும் போடலாமோ?" கேட்ட நேரம் சரியில்லை. அந்தக் கிழமைதான் படியின் அடியைப் பிரித்துத் திருத்தி முடித்திருந்தோம். குரல் பதிவில் நான் அவனுக்குச் சொன்னதில் பாதி ஏச்சு. ஆறுதலாக இருந்து எழுதினால் கொஞ்சம் நியாயமாக வரும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சத்தம். மேலிருந்து நாலாவது படி. வெயில் ஏறி வீடு காயத் தொடங்கினால் அதுவும் தொடங்கும். கால் வைக்கும்போது ஒரு கிறீச், எடுக்கும்போது இன்னொரு கிறீச். இரண்டாவதுதான் மோசம், தாண்டிப் போய்விட்டோம் என்று நினைக்கும்போது பின்னால் இருந்து வரும். கார்த்திகையில் மழை இறங்கியதும் வாயை மூடிக்கொள்ளும். மாரி முழுக்கச் சத்தமில்லை. சரி, தானாகச் சரியாகிவிட்டது என்று நம்பி இருக்க, பங்குனி வெயிலோடு திரும்ப வரும். மாமிக்கு மட்டும் இதில் குறை இல்லை. "கள்ளன் ஏறினாலும் தெரியுமெல்லே" என்பா. கள்ளன் ஏறவில்லை. இரவு தண்ணீர் குடிக்க இறங்குகிற நான்தான் முழு வீட்டையும் எழுப்புகிறேன்.

காரணம் பெரிய இரகசியம் இல்லை. மரம் நீளவாக்கில் சுருங்குவதில்லை என்றே சொல்லலாம். அகலவாக்கில்தான் சுருங்கும், பருக்கும். 11 அங்குல அகலத் தேக்கு மிதிபலகை நல்ல மாரிக்கும் நல்ல கோடைக்கும் இடையில் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் ஆடும். தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாகத்தான் ஆடும், ஆனாலும் ஆடும். பக்கத்துச் சாய்வுப் பலகையில் காடி வெட்டி, மிதிபலகையை அதற்குள் செருகி, அடியில் ஆப்பு அடித்து இறுக்குவார்கள். பலகை காய்ந்து சுருங்கினால் ஆப்பு தளரும். ஆப்புத் தளர்ந்தால் மரத்தோடு மரம் உரசும். உரசல்தான் சத்தம்.

இதைத் திருத்த வேண்டும் என்றால் அடியிலிருந்து பார்க்க வேண்டும். எனக்குக் கோபம் வருகிற இடம் அதுதான். படிக்குக் கீழே இடம் வீணாகக்கூடாது என்று அலுமாரி அடித்தார்கள். நல்ல அலுமாரி, குறை சொல்லமாட்டேன். அரிசி மூட்டை, தும்புத்தடி, பழைய மின்விசிறி எல்லாம் அதற்குள்தான். ஆனால் அதன் மேல் பக்கத்தைப் பிளைவூட்டால் மூடி, பசை பூசி, ஆணி அடித்து, ஆணித் தலைகளையும் புட்டி வைத்து மறைத்து, மேலே பொலிஷும் பூசிவிட்டார்கள். அழகென்றால் அழகு. திருத்த வந்த வயதான ஓடாவியார் அதைக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதைத் திறக்கக் கூடாதெண்டே செய்திருக்கினம்" என்றார். அலுமாரியின் மேல் பக்கத்தை உடைத்துத்தான் படியின் அடியைக் கண்டோம்.

உள்ளே பார்த்தால், நாலாவது படியின் ஒரு பக்க ஆப்பு கழன்று பிளைவூட்டின் மேல் கிடந்தது. மற்றப் பக்க ஆப்பை விரலால் இழுத்தாரே, வந்துவிட்டது. பசையின் அடையாளமே இல்லை. சும்மா தட்டிச் செருகியிருக்கிறார்கள். மற்றப் படிகளில் பசை இருந்தது, அதனால்தான் அவை சத்தமில்லாமல் இருக்கின்றன. பின்னேரம் வேலை முடிக்கிற அவசரத்தில் இந்த ஒன்றை மறந்திருப்பார்கள். ஓடாவியார் புது ஆப்புச் சீவி, பசை பூசி அடித்தார். மிதிபலகையும் அதன் கீழ் நிற்கும் முன்பலகையும் சேருகிற மூலையில் முக்கோணக் கட்டைகள் ஒட்டினார். பின்பக்கத்தில் அடியிலிருந்து இரண்டு திருகாணி. அரை நாள் வேலைகூட இல்லை. அலுமாரியின் மேல் பக்கத்தைத் திரும்ப அடைக்கத்தான் அதைவிடக் கூடச் செலவானது. இந்த முறை திருகாணி போட்டுத்தான் மூடச் சொன்னேன், தலைகள் வெளியே தெரிந்தாலும் பரவாயில்லை.

அதுவரைக்கும் என்ன செய்தோம் என்றால், குழந்தைகளுக்குப் பூசும் பவுடரை இடுக்கில் தூவினோம். சில கிழமைக்கு நிற்கும். படி முழுக்க வெள்ளைக் காலடி விழும், அது வேறு கதை.

இப்போது நியாயத்துக்கு வருகிறேன். படியைச் செய்த பெடியனின் வேலைத்தலத்தில் கணக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அளவெடுக்க வந்த நேரம் எங்கள் வீட்டில் கீழே ரைல்ஸ் பதிக்கவில்லை. பலர் கோட்டை விடுகிற இடம் அது. வெறும் தரையில் அளந்து சம உயரத்தில் படி செய்துவிடுவார்கள். பிறகு சாந்தும் ரைல்ஸும் ஏறியதும் முதல் படி மட்டும் ஒன்றரை இரண்டு அங்குலம் குள்ளமாகிவிடும். அதில்தான் ஆட்கள் தடுக்குவார்கள், ஏனென்றால் கால் முந்திய படியின் உயரத்தை ஞாபகம் வைத்துத்தான் அடுத்ததற்குத் தூக்குகிறது. இவன் ரைல்ஸ் தடிப்பு என்ன, அடியில் சாந்து எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டு போய், முதல் படியை அவ்வளவுக்கு உயர்த்தி வெட்டினான். 10 அடி உயரத்துக்கு 17 ஏற்றம், ஒவ்வொன்றும் 7 அங்குலம் சொச்சம். இன்றைக்கும் அளந்தால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லை. மாமி முழங்கால் வலியோடு கைபிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறா, ஒரு நாளும் தடுக்கியதில்லை. வெயில் காலத்தில் வெறுங்காலோடு ஏற மரம் தருகிற சுகம் வேறு ஒன்றிலும் கிடையாது.

குசினி அலுமாரி அதே ஆட்களின் வேலை. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து ஊரெல்லாம் வெள்ளம் நின்றதைப் பார்த்தவர்கள் நாங்கள். அதனால் கீழ் அலுமாரிகளைத் தரையில் வைக்காமல் கொங்கிறீற் திண்டு கட்டி அதன் மேல் ஏற்றச் சொன்னோம். தரையிலிருந்து ஏறுகிற கறையானும் திண்டில் ஏறினால் கண்ணில் படும். கதவுகள் எங்கள் காணியில் நின்ற வேம்பு. மரக்காலைக்குக் கொண்டுபோனதும் முதல் கேள்வி, "எந்த ஊர் மரம்?" சண்டை நடந்த பக்கத்து மரம் என்றால் வாள் வைக்கப் பயம். உள்ளே சன்னம் இருக்கும், செல் துண்டு இருக்கும், வாள் பல்லுப் போகும். எங்கள் மரத்திலும் ஒன்று இருந்தது. அடுப்புக்குப் பக்கத்துக் கதவில், ஒரு சிறிய ஓட்டையைச் சுற்றி இரும்பு ஊறிய நீலக் கறுப்பு, இழையோடு இழையாக மேலும் கீழும் ஓடியிருக்கிறது. அந்தப் பலகையைக் கழிக்கச் சொன்னான் பெடியன். நான் விடவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கை வைத்துப் பார்க்கிற கதவு அதுதான்.

லாச்சிகள்தான் கரைச்சல். படிக்கு நேர் எதிர்: கோடையில் வழுக்கிக்கொண்டு வரும், மாரியில் இறுகும். மேல் லாச்சியை மார்கழியில் இழுத்தால் அலுமாரியே கூட வருகிறது. மாரியில் இறுகுகிறதென்று உடனே சீவக் கூடாது. அப்படிச் சீவிய ஒன்று இப்போது கோடையில் பல்லு விழுந்த வாய் மாதிரி இடைவெளி காட்டிக்கொண்டு நிற்கிறது. ஓரத்தில் மெழுகுதிரியைத் தேய்த்துவிட்டுப் பங்குனி வரை பொறுப்பது நல்லது. கழுவு தொட்டிக்குக் கீழ் மட்டும் காசு மிச்சம் பிடிக்க மெலமைன் பலகை போட்டார்கள். குழாய் கசிந்த இடத்தில் அது ஊதி, தோல் உரிந்துவிட்டது. இந்தப் பலகையும் பிணைச்சலும் எல்லாம் இறக்குமதிச் சாமான். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ஐத் தாண்டிய காலத்தில் ஒரு பிணைச்சல் மாற்றுவதற்கே யோசித்தோம்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்: ஈரம். "காய்ந்த மரம் அண்ணை" என்று சொல்லித்தான் தந்தார்கள். காயவில்லை. ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு வருஷம் காற்றில் காய வேண்டும் என்பது பழைய கணக்கு. இப்போது ஈரம் பார்க்கிற கையடக்க மானி கடைகளில் கிடைக்கிறது. இரண்டு ஊசியைப் பலகையில் குத்தினால் எண்ணைக் காட்டும். எங்கள் பிரதேசத்து வீடுகளுக்குள் 12 முதல் 14 சதவீதம் வரை இருந்தால் போதும். 20 காட்டினால் அது இன்னும் மரக்காலையில் இருக்க வேண்டிய மரம்.

சரி, நண்பனுக்குப் பதில். போடாதே. கொங்கிறீற் படி கட்டி மேலே ரைல்ஸ் ஒட்டு, நிம்மதியாக நித்திரை கொள்ளலாம். மரப்படி நல்லது, வடிவானது, காலுக்கு இதம், எல்லாம் உண்மை, இருந்தாலும் போடாதே.

மேல் அறைக்கு உடுப்பு அலுமாரி ஒன்று தேவைப்படுகிறது. அதே பெடியனிடம்தான் முற்பணம் கொடுத்திருக்கிறேன். பலகை வெட்டுகிற நாளில் மானியோடு வருவேன் என்று சொல்லியிருக்கிறேன். சிரித்தான், ஆனால் "வாங்கோ" என்றும் சொன்னான்.