அடிக்காத மந்திரவாதிக்கு 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்

கற்பனைப் பாத்திரங்களாக மாறிப் பகடை உருட்டி ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்புக்காக விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட பிளேயர்ஸ் ஹேண்ட்புக் என்ற விதிநூல் 320 பக்கங்கள் கொண்டது. எதிரியின் உடலில் ஒரு கீறலும் விழச் செய்யாமல், மயக்கு மந்திரத்தை மட்டும் நம்பி வாழும் ஒரு கதாபாத்திரத்தை உருவாக்க விரும்புவோருக்கு அது எவ்வளவு பயன்படும் என்பதை மட்டுமே இங்கே பார்க்கிறேன். நன்றாகவே பயன்படும், அதிலும் தொடக்க நிலைகளில் தாராளமாகவே இடம் தருகிறது.

விசார்டு எனப்படும் மந்திரவாதிக்கான எட்டுப் பள்ளிகளுள் ஒன்றான ஸ்கூல் ஆஃப் என்சான்ட்மென்ட் என்ற மயக்குப் பள்ளியை இரண்டாம் நிலையில் தேர்ந்தெடுத்தவுடன், மந்திரம் ஏவச் செலவாகும் ஸ்பெல் ஸ்லாட் எதையும் செலவழிக்காத ஹிப்னாடிக் கேஸ் என்ற திறன் கிடைத்துவிடுகிறது. ஐந்தடிக்குள் நிற்கும் எதிரி விஸ்டம் சேவிங் த்ரோவில் (விஸ்டம் பண்பைக் கொண்டு மந்திரத்தை எதிர்க்க உருட்டும் பகடையில்) தோற்றால், நின்ற இடத்திலேயே செயலற்றுச் சொக்கிப்போகும். ஓகர் என்ற முரட்டு அரக்கன் ஒன்று வாசலை மறித்து நிற்பதாகக் கொள்வோம். அதன் உயிர்ப்புள்ளி 59. அதன் தடியடி ஒன்று சராசரியாக 13 புள்ளிகளைப் பறிக்கும். நம் மந்திரவாதியிடம் அந்நிலையில் இருப்பதோ ஏறத்தாழ 14. விஸ்டத்தில் இரண்டு புள்ளி கழிவுள்ள அந்த ஓகர், இன்டெலிஜென்ஸ் 16 கொண்ட மந்திரவாதி வைக்கும் 13 என்ற இலக்கை எட்டப் இருபதுமுகப் பகடையில் குறைந்தது 15 விழ வேண்டும். ஆகவே பத்துக்கு ஏழு முறை அது மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றிலும் நம் ஆக்‌ஷனைக் கொடுத்து மயக்கத்தை நீட்டிக்கலாம் என்பதால், மற்றவர்கள் சத்தமில்லாமல் உள்ளே நழுவிவிடலாம். கூட்டாளி ஒருவர் அவசரப்பட்டு அதன்மேல் அம்பு எய்துவிட்டால், மயக்கம் கலைவதோடு, நீண்ட ஓய்வு எடுக்கும்வரை அதே ஓகரிடம் இத்திறன் மறுபடி பலிக்காது.

மந்திரங்களில் ஸ்லீப் சேவிங் த்ரோவே கேட்பதில்லை. ஐந்து எட்டுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகை அளவுக்கு உயிர்ப்புள்ளிகளைத் தூங்கவைக்கும். தலைக்கு 7 புள்ளி உள்ள கோப்லின் என்ற குட்டிப் பூதங்கள் மூன்று சராசரி உருட்டலிலேயே சாய்ந்துவிடும். ஓகரிடம் அது எடுபடாது. அதற்கு, விழுந்து விழுந்து சிரிக்கவைத்துச் செயலிழக்கச் செய்யும் டாஷாஸ் ஹிடியஸ் லாஃப்டர் இருக்கிறது: இன்டெலிஜென்ஸ் 4 அல்லது அதற்குக் கீழுள்ளவற்றுக்குச் சிரிப்பு வராது என்பது விதி, ஓகருக்கு 5 என்பதால் அதன்மேல் ஏவலாம்.

ஆறாம் நிலையில் வரும் இன்ஸ்டிங்டிவ் சார்ம், நம்மை நோக்கி வரும் தாக்குதலை எதிரிக்கு மிக அருகில் நிற்பவர்மேல் திருப்புகிறது. அந்த ‘மிக அருகில் நிற்பவர்’ பெரும்பாலும் நம் அணி வீரராகவே இருப்பார் என்பதை நூல் சொல்லாமல் விட்டிருக்கிறது. பத்தாம் நிலையின் ஸ்பிளிட் என்சான்ட்மென்ட் அருமையானது; ஒருவரை உறையவைக்கும் ஹோல்ட் பெர்சன் மந்திரத்தை இரண்டாம் நிலை ஸ்லாட்டிலேயே இருவர்மேல் ஏவலாம். உறைந்து நிற்போர்மேல் ஐந்தடிக்குள்ளிருந்து விழும் அடியெல்லாம் கிரிட்டிகல் (இரட்டிப்புப் பகடை உருட்டும் பலத்த அடி) ஆகும் என்பதால், நம் கை கறைபடாதது என்று மார்தட்டிக்கொள்வது கொஞ்சம் கடினம்.

குறை என்றால், கல்லறைகளும் நடமாடும் பிணங்களும் நிறைந்த கதைகளில் இந்தக் கதாபாத்திரம் திணறும். அன்டெட் எனப்படும் நடைபிண வகையை ஸ்லீப் தொடாது, ஹோல்ட் பெர்சன் மனித உருவ ஹியூமனாய்டுகளை மட்டுமே கட்டும், ஸோம்பியின் இன்டெலிஜென்ஸ் 3 என்பதால் சிரிப்பும் எடுபடாது. வாங்குவதற்கு முன் ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டரிடம் கதைக்களத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது.

2024ஆம் ஆண்டின் புதிய பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் விசார்டுக்கு நான்கு பிரிவுகள்தான் உண்டு. மயக்குப் பள்ளி அவற்றில் இல்லை. இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டி 5.1 என்ற அடிப்படை விதி ஆவணத்திலும் தீயும் மின்னலும் வீசும் எவோகேஷன் பள்ளி மட்டுமே தரப்பட்டிருப்பதால், இந்தக் கதாபாத்திரத்துக்காகப் பழைய நூலையே தேடி வாங்க வேண்டியிருக்கும்.