பாத்ரூம் அலமாரி: பிளைவுட்டா, பி.வி.சி.யா, ஸ்டீலா?

ஹாலில் ஒழுங்காக நிற்கிற மாடுலர் அடுக்கை அப்படியே பாத்ரூமுக்குள் தூக்கி வைத்தால், ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் அடிப்பலகை உப்பிவிடும். பழி கீசர் ஆவியின் மேல் விழும். ஆனால் ஆவி இதில் சின்னக் கைதான். பலகையின் முகத்தில் ஒட்டிய மைக்கா தண்ணீரை லேசில் உள்ளே விடாது. வெட்டு ஓரம், ஸ்க்ரூ துளை, பைப்புக்குப் போட்ட ஓட்டை, இந்த மூன்று வழியாகத்தான் ஈரம் ஏறுகிறது. நம் ஊர்ப் பாத்ரூமோ வாளியும் மக்கும் புழங்கி, தரை முழுக்க நனைகிற இடம். அதனால் கடையில் பலகையின் முகத்தைத் தடவிப் பார்த்துப் பயனில்லை. ஓரத்தைப் பார்க்க வேண்டும்.

ரெடிமேடாக, பெட்டியில் பிரித்து வருகிற அலமாரிகளில் பெரும்பாலும் இருப்பது பார்ட்டிக்கிள் போர்டு. மரத்தூளையும் சீவலையும் யூரியா ஃபார்மால்டிஹைட் பசையில் அழுத்திச் செய்தது. சூடும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பசை சிதையும். சீவல் தண்ணீர் குடித்து விரியும், காய்ந்த பிறகும் பழைய தடிமனுக்குத் திரும்பாது. விரிந்த இடத்தில் ஸ்க்ரூ பிடிப்பதில்லை, கதவு ஒரு பக்கம் தொங்கும். சில அடுக்குகளுக்குள் பலகைகூடக் கிடையாது, தேன்கூடு மாதிரி காகித அட்டைதான். பாத்ரூமுக்கு இவை இரண்டும் வேண்டவே வேண்டாம்.

எச்.டி.எச்.எம்.ஆர். (ஹை டென்சிட்டி ஹை மாய்ஸ்சர் ரெசிஸ்டன்ஸ்) என்று விற்பது இதைவிட எவ்வளவோ மேல். நெருக்கமான இழைப் பலகை, ஓரம் வழவழவென்று வெட்டுப்படும், ஸ்க்ரூ இறுகப் பிடிக்கும். ஆனால் பெயரிலேயே விஷயம் இருக்கிறது: அது காற்றின் ஈரத்தைத் தாங்கும் பலகை, தேங்கிய தண்ணீரை அல்ல. கண்ணாடிக்குப் பின்னால் மாட்டும் மேல் பெட்டிக்குச் சரி. வாஷ்பேசினுக்குக் கீழே வைத்தால், பேசின் பைப்பைத் திறந்து மூடும் ஆங்கிள் காக் கசிகிற நாளில் தெரிந்துவிடும்.

பிளைவுட்டில் குழப்பம் அதிகம். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று கடைக்காரர் வாயால் சொல்வதை விட்டுவிட்டுத் தாளில் (முழுப் பலகையில்) குத்திய முத்திரையைப் படியுங்கள். ஐ.எஸ். (இந்தியத் தர எண்) 303 என்றால் பொதுப் பயன்பாட்டுப் பிளை, அதிலும் காற்றின் ஈரத்தை மட்டும் தாங்கும் எம்.ஆர். ரகம் பாத்ரூமுக்கு ஆகாது. ஐ.எஸ். 710 என்றால் ஃபீனால் பசையில் செய்த மரைன் ரகம், 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனையைத் தாண்ட வேண்டியது. முத்திரை மேலும் சந்தேகம் இருந்தால் இரண்டு அங்குலத் துண்டு ஒன்றை வாங்கி அடுப்பில் சில மணி நேரம் கொதிக்கவிடுங்கள். எம்.ஆர். பிளை ஏடு ஏடாகப் பிரியும், 710 நிற்கும். நல்ல 710 பிளையில் இரண்டரை அடி அகலத் தட்டு தொய்யாமல் நிற்கும், கீலைக் கழற்றி மறுபடி மாட்டினாலும் பிடிப்புப் போகாது. குறை என்னவென்றால், ஆசாரி வெட்டும் ஒவ்வொரு ஓரத்தையும் மூட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் முன் ஓரத்தில் எட்ஜ் பேண்ட் ஒட்டிவிட்டு, பின் ஓரத்தையும் பைப் ஓட்டையையும் பச்சையாக விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. அழுகல் தொடங்குவது அங்கேதான். ஓட்டையின் உள்வட்டத்தில் எப்பாக்சி இரண்டு பூச்சுப் பூசச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை.

பி.வி.சி. ஃபோம் போர்டும் அதன் உறவுக்காரனான, மரத்தூள் கலந்த பிளாஸ்டிக் பலகையான டபிள்யூ.பி.சி.யும் தண்ணீர் குடிப்பதில்லை, கரையான் தொடாது. வாளித் தண்ணீரில் ஒரு வாரம் ஊறப்போட்டாலும் தடிமன் மாறாது. ஈரம் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதானால் போட்டி இங்கேயே முடிந்தது. சிக்கல் வேறு பக்கம். மேல்தோல் கெட்டி, உள்ளே நுரை. ஓரத்தில் அடித்த ஸ்க்ரூ நுரையில் நிற்பதால், கதவைப் பல தடவை வேகமாக இழுத்தால் கழன்று வந்துவிடும். அடர்த்தி குறைந்த மலிவுத் தாளில் இது இன்னும் மோசம். வாங்கும்போது அடர்த்தியைக் கேளுங்கள், இல்லையேல் எடை போடுங்கள். 0.55 அடர்த்தி என்று சொல்லும் 18 மி.மீ. எட்டுக்கு நாலு அடித் தாள் 29 கிலோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 22 கிலோதான் என்றால் நீங்கள் காற்றுக்குக் காசு கொடுக்கிறீர்கள். தட்டின் நீளத்தை ஒன்றரை அடிக்குள் வையுங்கள், அதற்கு மேல் ஷாம்பு பாட்டில் பாரத்துக்கே தொய்யும். கீல் தகட்டைப் பலகையின் முகத்தில் மாட்ட வேண்டும், துளையைச் சின்னதாக முன்கூட்டியே போட்டு, கையால் முறுக்க வேண்டும். பவர் டிரில் ஒரு சுற்று அதிகம் சுற்றினாலும் மரை அழிந்துவிடும்.

ஸ்டீல் பெட்டி விலை கூடுதல். 304 ரகத்தில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. 202 ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள், கடலோர ஊர்களில் அதில் சீக்கிரமே பழுப்புப் படரும். காந்தம் வைத்துப் பார்ப்பது ஏமாற்று வேலை: இரண்டிலும் அது பெரிதாக ஒட்டாது. ரசாயனச் சொட்டு வைத்து நிறம் பார்க்கும் கிட்தான் வித்தியாசம் காட்டும்.

பலகை எதுவானாலும் முதலில் போவது கீல்தான். நிக்கல் பூசிய சாதா இரும்புக் கீல் ஓரிரு மழைக்காலத்தில் துருப்பிடித்து, பி.வி.சி. கதவில் காவிக் கோடு இறக்கும். 304 கீல் கேளுங்கள். அப்புறம் ஒரு தப்பை வீட்டுக்கு வீடு செய்கிறோம்: டாய்லெட் கழுவும் ஆசிட் பாட்டிலை வாஷ்பேசின் கீழ் அலமாரியில் பூட்டி வைப்பது. மூடி லேசாகத் தளர்ந்தாலும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஆவி அந்தச் சின்னப் பெட்டிக்குள் அடைபட்டு நிற்கும். 304-ஐயும் அது புள்ளி புள்ளியாக அரிக்கும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் திறந்த இடத்தில், தனித்தனியாக இருக்கட்டும்.

சொந்த வீடென்றால் வாஷ்பேசின் கீழே நல்ல அடர்த்தி பி.வி.சி., துண்டு வைக்கும் உயரமான அடுக்குக்கு 710 பிளை, இந்தக் கலப்புதான் சரி. ஒரே பொருளில் எல்லாம் செய்ய ஆசைப்படுவது அழகுக்காக மட்டுமே. வாடகை வீட்டில் இத்தனை யோசனை எதற்கு? காலும் சக்கரமும் வைத்த பிளாஸ்டிக் டிராயர் அடுக்கை வாங்கிப் போடுங்கள். பார்க்கச் சுமார்தான், ஆனால் வீடு மாறும்போது கூடவே வரும்.

மாட்டும்போது தரையிலிருந்து ஓரடி உயரம் விடுங்கள், மாப் போடவும் இடம் கிடைக்கும், தெறிக்கும் தண்ணீரும் எட்டாது. பின்பலகை சுவரோடு ஒட்டக் கூடாது, 10 மி.மீ. இடைவெளிக்குச் சின்னக் கட்டை வையுங்கள். டைலில் 8 மி.மீ. துளை போடுகையில் டிரில்லின் ஹேமர் அடியை நிறுத்திவிட்டு டைல் பிட்டால் ஆரம்பித்து, டைல் தாண்டிய பிறகே ஹேமர். புது அடுக்குமாடிகளில் சுவர் லேசான ஏ.ஏ.சி. கல்லாக (காற்றுக் குமிழி நிறைந்த சிமென்ட் கல்) இருந்தால் சாதா பிளக் உருவிக்கொண்டு வந்துவிடும், அந்தக் கல்லுக்கென்றே விற்கும் நீளமான நைலான் ஆங்கர் தேவை. மேல் ஓரத்தில் இடுக்கை மூடும் சிலிக்கான் பசை இழுக்கும்போது புளித்த வினிகர் வாடை அடித்தால் அது அசிட்டிக் ரகம், பக்கத்தில் உள்ள உலோகத்தை அரிக்கும். நியூட்ரல் ரகம் வாங்கி மேலேயும் பக்கவாட்டிலும் மட்டும் இழுங்கள். அடி ஓரத்தைத் திறந்தே விடுங்கள், சுவர் வழியே இறங்கும் தண்ணீர் வெளியேற ஒரு வழி வேண்டும்.