ஊட்டிக் குளிரில் ப்ராசசர் மாற்றி ஒன்றரை வருடம்: ரைசன் 5 5600ஜி அனுபவம்

கல்யாண வீடியோ எடிட்டிங்தான் என் தொழில். 2018-ல் வாங்கிய ரைசன் 3 2200ஜி ப்ராசசர் 4 கோர் (கணக்குப் போடும் தனித்தனி மையங்கள்), 4 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசைகள்) மட்டும் என்பதால் முகூர்த்த மாதங்களில் திணற ஆரம்பித்திருந்தது. அதோடு விண்டோஸ் 11 ஆதரிக்கும் பட்டியலிலும் அது இல்லை. கோவையில் ஒரு கடையில் விசாரித்தால் மொத்த கம்ப்யூட்டரையும் மாற்றச் சொன்னார்கள். ஆனால் என்னுடைய பி450 மதர்போர்டு ஏஎம்4 சாக்கெட் (ப்ராசசர் உட்காரும் இடம்) கொண்டது, பயாஸை, அதாவது கம்ப்யூட்டரைக் கிளப்பும் போர்டின் அடிப்படை மென்பொருளை, அப்டேட் செய்தால் 5000 வரிசை ப்ராசசரும் அதில் ஓடும் என்று தெரிந்ததும், 2024 மே மாதம் 6 கோர், 12 த்ரெட் உள்ள 5600ஜி வாங்கிவிட்டேன். ஜி இல்லாத 5600-ல் கேம் நன்றாக ஓடும், ஆனால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. என்னிடம் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை.

எனக்குப் பயமாக இருந்தது பயாஸ் வேலைதான். பழைய ப்ராசசர் உள்ளே இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் புதியதைப் போட்டு ஸ்விட்சைத் தட்டினால் திரையில் ஒன்றுமே வராது. ஐந்து நிமிட வேலைதான், ஆனால் நடுவில் கரண்ட் போனால் போர்டே போய்விடலாம். கோடை மழைக்கு ஒரு மரக்கிளை லைன் மேல் விழுந்தாலே எங்கள் பக்கம் இருட்டாகிவிடும். அதனால் அண்ணன் வீட்டு யுபிஎஸ்ஸைத் தூக்கிவந்து மாட்டிவிட்டுத்தான் தொடங்கினேன். தயவுசெய்து யுபிஎஸ் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

அப்புறம் நடந்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. காலைக் குளிரில் கூலரின் நான்கு திருகுகளையும் கழற்றி மேலே இழுத்தேன், சாக்கெட் லீவர் பூட்டியிருந்தும் ப்ராசசரும் சேர்ந்தே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. ப்ராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்த நடுவில் தடவும் தெர்மல் பேஸ்ட் ஆறு வருடத்தில் இறுகிப்போயிருக்கிறது. ஏஎம்4-ல் பின்கள் ப்ராசசரின் அடியில் இருப்பதால் இரண்டு பின் வளைந்துவிட்டது. நல்லவேளை, சாக்கெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மலையில் இருப்பவர்கள் முதலில் அரை மணி நேரம் ஏதாவது கனமான வேலை கொடுத்துக் கம்ப்யூட்டரைச் சூடாக்குங்கள், பிறகு அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள், நேராக இழுக்கவே கூடாது. புதிய பேஸ்ட் ஒரு துவரம்பருப்பு அளவு போதும்.

முதல் தடவை ஆன் செய்ததும் புதிய சிபியு (ப்ராசசர்), எஃப்டிபிஎம்-ஐ (பூட்டுச் சாவிகளை வைத்திருக்கும் பாதுகாப்புப் பகுதி) ரீசெட் செய்யவா என்று ஒரு திரை கேட்கும். ரீசெட் செய்தால் அந்தச் சாவி போய்விடும், அதனால் டிஸ்க்கை விண்டோஸின் பிட்லாக்கர் வசதியில் பூட்டியிருந்தால் அதன் ரெகவரி கீயை முன்னாடியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். மாலையில் போட்டால் படுக்கப்போகும்போதும் ஓடிக்கொண்டிருந்த எக்ஸ்போர்ட் இப்போது சாப்பிட்டு எழுவதற்குள் முடிகிறது. விண்டோஸ் 11-க்கும் போய்விட்டேன், 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தபோது எனக்குக் கவலை இல்லை. ஆனால் 4கே காட்சிகளை இரண்டு மூன்று அடுக்காக வைத்தால் டைம்லைன் இன்னும் திக்குகிறது, ப்ராக்ஸி (எடிட்டிங்குக்கு மட்டும் வைக்கும் தரம் குறைந்த நகல்) போட்டுத்தான் ஓட்டுகிறேன். உள் கிராபிக்ஸ் ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும் என்பதால் ஒற்றை ரேம் வைத்திருப்பவர்கள் கண்டிப்பாக ஜோடியாக்குங்கள், ப்ரிவியூவில் எனக்கு வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் ஃபேன் தள்ளும் காற்று அவ்வளவாக வெப்பத்தை எடுத்துப் போகாது. ஆனால் அறையே குளிராக இருப்பதால் பெட்டியில் வந்த கூலரே எனக்குத் தாராளம். ஈரம்தான் உண்மையான எதிரி. ஆடி மாத மழையில் வேலை இல்லாவிட்டாலும் தினம் ஒரு மணி நேரம் ஓடவிடுகிறேன். போன மாதம் திறந்து பார்த்தபோது கூலர் இடுக்கில் தூசி ஈரத்தோடு சேர்ந்து களிம்பு மாதிரி அப்பியிருந்தது, பெயின்ட் பிரஷால் சுரண்டி எடுக்கவே அரை நாள் ஆனது.