சோயா பால் மெஷின் என்று சொல்லி வெறும் பிளெண்டரை அனுப்பி 6,850 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள்: பிள்ளை இருக்கிற வீட்டுக்காரர்கள் படியுங்கள்

மெஷினை விற்றவர்கள் நேற்று சாயங்காலம் வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டார்கள். வயிறு எரிகிறது, அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன். பேர் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போட்டு, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து, சமையலறை மெஷின் விற்கிற ஒரு பக்கம். அடையாளத்துக்கு இது போதும்.

நாங்கள் சிங்கப்பூரில் இருந்துவிட்டுத் தஞ்சாவூருக்குத் திரும்பியவர்கள். அங்கே ஹாக்கர் சென்டர் என்கிற சாப்பாட்டுக் கடைத்தொகுதியில் காலை நேரத்தில் ஒரு மேசையில் பரோட்டாவும் மீன் குழம்பும் இருக்கும், அடுத்த மேசையில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக். இன்னொரு பக்கம் ஒருவர் தேங்காய்ப்பால் ஜாம் தடவிய காயா டோஸ்டைக் கடித்துக்கொண்டே அரைவேக்காட்டு முட்டையில் கறுப்பு சோயா சாஸும் வெள்ளை மிளகுத்தூளும் போட்டுக் கலக்கிக்கொண்டிருப்பார். என் மகளுக்கு மட்டும் சீனக் கடைதான். சூடான சோயா பால், அதில் தோய்த்துத் தின்ன மாவை நீளமாகப் பொரித்த யூ சார் குவே. பசும்பால் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது, குடித்தால் வயிறு உப்பிவிடும். சோயா பாலில்தான் வளர்ந்தாள்.

ஊருக்கு வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு நாட்டுக் காலைச் சாப்பாட்டை வீட்டில் செய்து பார்ப்போம். துருக்கிக்காரர்களின் மெனமென் ரொம்பச் சுலபம். தக்காளியையும் மிளகாயையும் வதக்கி முட்டையை உடைத்து ஊற்றினால் தீர்ந்தது. எகிப்தின் ஃபூல் என்கிற பயறு மசியலுக்கு அந்த ஊர்ப் பயறு கிடைக்காது. மொச்சையைக் குழைய வேகவைத்து, பூண்டு, சீரகம், எலுமிச்சைச்சாறு சேர்த்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். இதற்கெல்லாம் மெஷின் எதுவும் வேண்டாம். சோயா பால்தான் பெண்டு நிமிர்த்தும். ராத்திரியே ஊறப்போட வேண்டும், காலையில் அரைத்துத் துணியில் பிழிந்து, பொங்கி வழியாமல் அடுப்புப் பக்கத்திலேயே நின்று காய்ச்ச வேண்டும். பள்ளிக்கூடம் இருக்கிற நாளில் இது நடக்கிற காரியமா?

இதற்கென்றே சீனாவில் 1990களிலேயே மெஷின் வந்துவிட்டது. அரைக்கிற பிளேடும் சூடாக்குகிற தட்டும் ஒரே ஜாடிக்குள் இருக்கும். நுரை மேலே வந்து தொட்டதும் சூட்டை நிறுத்துவதற்கு மூடியில் ஒரு சின்னக் கம்பி உண்டு. சிங்கப்பூரில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி அதில் போட்டுக் கொடுத்ததை எத்தனையோ தடவை குடித்திருக்கிறோம். அதே போல ஒன்றுதான் இந்த விளம்பரத்தில் ஆவி பறக்க ஓடிக்கொண்டிருந்தது. விலை 6,850 ரூபாய்.

மெசேஜ் அனுப்பியதும் ஒரு பெண் கூப்பிட்டாள். "அக்கா, சிங்கப்பூர்லயா இருந்தீங்க? எங்க அண்ணன் தேக்கா பக்கத்துலதான்க்கா வேலை பாக்குறான்" என்று, சிங்கப்பூரில் நம்மவர்கள் கூடுகிற தேக்காவின் பேரைச் சொல்லி ஆரம்பித்தாள். மகளுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்றதும், "ஐயோ பாவம், குழந்தைக்குன்னா நானே நல்ல பீஸா பாத்து எடுத்து வைக்கிறேன்க்கா" என்றாள். நான் ஒன்றை மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டேன். "இதுலயே கொதிக்கும்ல? நான் தனியா அடுப்புல வைக்க வேண்டாமே?" "வேண்டவே வேண்டாம்க்கா, அதுவே கொதிச்சு முடிச்சு பீப் அடிக்கும், நீங்க வடிகட்டி ஊத்திக் குடுத்தாப் போதும்." இதைவிடத் தெளிவாக ஒருத்தி என்னத்தைக் கேட்க முடியும்? பார்சல் வந்ததும் பணம் தருகிறேன் என்றதற்கு, இறக்குமதிச் சரக்கு, அந்த வசதி இல்லை என்றாள். அவள் கொடுத்த எண்ணுக்கு ஜிபேயில் 6,850 ரூபாயும் போனது. பில் கேட்டதற்கு, "பார்சலுக்குள்ளயே இருக்கும்க்கா."

பிறகு காத்திருப்பு. டிராக்கிங் லிங்க்கில் சென்னை என்று வந்த இடத்திலேயே நின்றது. மகள் தினமும் புத்தகப்பையை இறக்குவதற்கு முன்னாலேயே "வந்துடுச்சாம்மா?" என்பாள். திருச்சிக்கு வந்துவிட்டது என்று காட்டிய அன்றைக்குக் கடைக்குப் போய் சோயா வாங்கி வந்து ஊறப்போட்டேன்.

பெட்டியைப் பிரித்ததும் ஜாடியின் கனமே சரியில்லை. உள்ளே பார்த்தால் பிளாஸ்டிக் ஜாடியின் அடியில் நாலு பிளேடு. சூடாக்குகிற தட்டு இல்லை, மூடியில் கம்பி இல்லை. அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் 'ஜூசர் பிளெண்டர்' என்று இருக்கிறது. பில்லும் கிடையாது. கூட வந்த ஒற்றைத் தாளில் என்ன போட்டிருக்கிறது தெரியுமா? சூடான எதையும் ஜாடியில் ஊற்றக் கூடாதாம்! பாலைக் கொதிக்க வைக்கும் என்று சொல்லி விற்ற மெஷின் இது.

உடனே போட்டோ எடுத்து அனுப்பினேன். முதலில், "வேர்ஹவுஸ்ல மாத்தி வச்சிருப்பாங்க, கேட்டுச் சொல்றேன்க்கா." மறுநாள், "அரைச்சுட்டு அடுப்புல ஒரு கொதி விட்டுக்கோங்கக்கா, எல்லாம் ஒரே பால்தானே." அதற்கடுத்து, "அன்பாக்சிங் வீடியோ இருந்தாத்தான் ரிட்டர்ன்." பார்சலைப் பிரிக்கும்போதே எடுக்க வேண்டுமாம் இந்த வீடியோவை, வாங்குகிற வரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததில்லை. ரிட்டர்ன் டீம் என்று ஓர் எண் கொடுத்தார்கள். அதில் எடுத்த ஆள், "மேடம், ஒரு ஆறாயிரத்துக்கு இத்தனை போனா?" என்கிறான். பணம் போகிற வரைக்கும் அக்கா, போன பிறகு மேடம். ஆறாயிரம் இல்லையடா, 6,850 ரூபாய். எங்கள் வீட்டில் அது ஒரு மாச மளிகை.

இதில் பணத்தைவிடப் பெரிய அநியாயம் ஒன்று இருக்கிறது. பச்சை சோயாவில் செரிமானத்தைத் தடுக்கிற பொருள்கள் உண்டு. நன்றாகக் கொதித்தால்தான் அவை அடங்கும். 80 டிகிரி பக்கத்திலேயே சோயா பால் நுரைத்துப் பொங்கிவிடும், பார்த்தால் கொதித்த மாதிரியே இருக்கும், ஆனால் கொதித்திருக்காது. நுரையை அடக்கி, அதற்கு மேலும் சில நிமிஷம் தளதளவென்று கொதிக்க வேண்டும். சோயா பாலிலேயே பழகிய சீனாவில்கூட, 2003இல் லியாவோனிங் மாகாணத்து ஹைச்செங்கில் பள்ளியில் கொடுத்த சோயா பாலைக் குடித்து ஏராளமான பிள்ளைகளுக்கு உடம்புக்கு வந்தது. எனக்கு அந்த மெஷின் எப்படி இருக்கும் என்று தெரியும், அதனால் பிரித்ததுமே பிடித்துவிட்டேன். இதுவரை பார்த்தே இராத ஒரு தாய், அவர்கள் சொன்னதை நம்பி அரைத்து வடிகட்டி அப்படியே பிள்ளைக்கு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தால்? "எல்லாம் ஒரே பால்தானே" என்று சொன்னவளுக்கு இது தெரியாமல் இருக்கலாம். தெரியாதவள் எதற்கு இதை விற்க வேண்டும்?

எப்படி வாங்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. கடை முகவரியும் புகார் வாங்குகிறவர் பெயரும் போடாத பக்கத்தில் வாங்காதீர்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அதைப் போட்டே ஆக வேண்டும். தனியாள் பெயரில் இருக்கிற ஜிபே எண்ணுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். சூடாக்குகிற மெஷின் என்றால் ஜாடியின் உட்புறத்தையும் அடியில் இருக்கிற ஸ்டிக்கரையும் போட்டோ கேளுங்கள், தர மறுத்தால் விட்டுவிடுங்கள். ஏமாந்தது தெரிந்த நிமிஷமே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடியுங்கள், தாமதித்தால் பணம் கைமாறிவிடும். நுகர்வோர் உதவி எண் 1915. வாட்ஸ்அப்பில் பேசிய மெசேஜ்களை அழிக்காதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே என் தங்கை ஒரு லிங்க் அனுப்பினாள். வேறு பேரில் ஒரு பக்கம், அதே ஆவி பறக்கிற வீடியோ, பின்னால் பேசுவதும் அதே பெண் குரல். இந்தத் தடவை குழந்தைகளுக்குச் சத்துமாவுக் கஞ்சி காய்ச்சுகிற மெஷினாம். அதற்கும் விலை 6,850 ரூபாய்தான் போட்டிருக்கிறார்கள். யாரும் கட்டிவிடாதீர்கள்.