பேர் பெரிது, சறுக்கியது சின்ன இடத்தில்: செகண்ட் ஹேண்டில் சுற்றும் சில கேமராக்களும் லென்ஸ்களும்

கேமரா விளம்பரத்தில் மெகாபிக்சல் இருக்கும், ஒளி உணர்திறனைச் சொல்லும் ஐஎஸ்ஓ இருக்கும், வினாடிக்கு எத்தனை படம் என்பதும் இருக்கும். ஷட்டர் ஓட ஓட உள்ளே என்ன உதிரும், லென்ஸில் ஒளி நுழையும் துவாரமான அபர்ச்சரை இழுக்கும் காந்தம் எத்தனை வருஷம் தாங்கும் என்பதெல்லாம் இருக்காது. பெரிய எதிர்பார்ப்போடு வந்து பேரைக் கெடுத்துக்கொண்ட மாடல்களில் பாதிக்கு மேல் சறுக்கியது இந்த மாதிரி இடங்களில்தான். பலவற்றின் சென்சாரில் இன்றும் குறை சொல்ல முடியாது. அதனால்தான் இவற்றைப் பழைய சந்தையில் பார்த்ததும் கை துறுதுறுக்கிறது. சிலவற்றைச் சோதித்து வாங்கினால் லாபம். சிலவற்றை இனாமாகக் கொடுத்தாலும் யோசிக்க வேண்டும்.

முதலில் நிக்கான் டி600. 2012 செப்டம்பரில் வந்தது. 24.3 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் (பழைய 35 எம்எம் ஃபிலிம் அளவு சென்சார்), அன்றைக்கு 2,100 டாலர். அந்த விலைக்கு அப்படியொரு சென்சார் அதுவரை கிடையாது. குறைந்த ஐஎஸ்ஓவில் நிழல் பகுதியை எவ்வளவு தூக்கினாலும் படம் தாங்கும். ஆனால் புதுப் பெட்டியைப் பிரித்துச் சில நூறு படம் எடுப்பதற்குள் படத்தின் மேல் இடது மூலையில் புள்ளிகள் வர ஆரம்பித்தன. துடைத்தால் போகும், மறுபடி வரும். 2013 பிப்ரவரியில் நிக்கான் வெளியிட்ட அறிவிப்பு, கேமரா இயங்கும்போது உள்ளே உண்டாகும் தூசியையும் வெளியிலிருந்து நுழையும் தூசியையும் காரணம் காட்டி, முதலில் ப்ளோயரால் ஊதிப் பார்க்கச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில், சென்சாரை மாற்றாமல் ஷட்டரை மட்டும் மாற்றி டி610 என்று புதுப் பெயரில் இறக்கியபோது, புள்ளிகள் ஷட்டரிலிருந்துதான் வருகின்றன என்ற குட்டு வெளிப்பட்டுவிட்டது. டி600 வைத்திருந்தவர்களுக்குத்தான் வயிற்றெரிச்சல். 2014 பிப்ரவரியில், வாரண்டி முடிந்திருந்தாலும் ஷட்டரை இலவசமாக மாற்றித் தருவதாக நிறுவனம் இறங்கி வந்தது. அடுத்த மாதமே சீன அரசுத் தொலைக்காட்சி நுகர்வோர் தின நிகழ்ச்சியில் இந்தக் கேமராவைப் போட்டுக் கிழித்தது.

இன்று ஒரு டி600 கைக்கு வந்தால் சோதிப்பது சுலபம். ஐஎஸ்ஓ 100, அபர்ச்சர் எஃப்/16 அல்லது எஃப்/22 (எண் பெரிதாக ஆக துவாரம் சிறிதாகும்). லென்ஸை மேனுவல் ஃபோகஸில் முடிவிலியில் வைத்து, ஓர் அடி தூரத்திலிருந்து வெள்ளைச் சுவரை எடுங்கள். கை அசைந்தால் பரவாயில்லை, அசைந்தால் இன்னும் நல்லது. சுவரின் அழுக்கு கலங்கிவிடும், சென்சாரில் இருப்பது மட்டும் அதே இடத்தில் நிற்கும். படத்தை முழுசாகப் பெரிதாக்கி மேல் இடது மூலையிலிருந்து பார்த்துக்கொண்டு வாருங்கள். ஒழுங்கில்லாத சாம்பல் திட்டு என்றால் தூசி. வட்டமாக, நடுவில் வெளுத்து, விளிம்பில் கருத்திருந்தால் ஷட்டரிலிருந்து தெறித்த எண்ணெய். இருக்கும் புள்ளியைவிட முக்கியம், புதிதாக வருகிறதா என்பது. அதனால் தொடர் ஷாட்டில் ஒரு இருநூறு படம் ஓடவிட்டு, அதே சுவரை மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு விடைதான்.

எண்ணெயை ப்ளோயர் அசைக்காது. 24 மில்லிமீட்டர் அகல ஸ்வாபில் சென்சாருக்கான மெத்தனால் திரவம் இரண்டு சொட்டு விட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே இழுப்பு, திருப்பிப் போட்டு எதிர்ப்பக்கம் ஒரு இழுப்பு. அதே ஸ்வாபால் மூன்றாவது முறை தேய்த்தால் கோடு விழும். பேட்டரி நிறைந்திருந்தால்தான் சென்சாருக்கு முன்னால் நிற்கும் பிரதிபலிப்புக் கண்ணாடியைத் தூக்கி நிறுத்தும் மெனுவே திறக்கும், அது நம் நன்மைக்குத்தான். இன்னொன்று: படத்தின் மேல் இடது என்பது, லென்ஸ் மாட்டும் வாயான மவுண்ட் வழியாக முன்னாலிருந்து பார்க்கும்போது சென்சாரின் கீழ் இடது. பலரும் மேல்பக்கத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துவிட்டுப் போகவில்லையே என்கிறார்கள்.

ஷட்டர் மாற்றிய சர்வீஸ் பில் இருந்தால் டி600 துணிந்து வாங்கக்கூடிய கேமரா. அப்போதும் இரண்டு குறை மிஞ்சும்: 39 ஃபோகஸ் புள்ளிகளும் நடுவில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும், ஷட்டர் வேகம் 1/4000-க்கு மேல் போகாது. நண்பகல் வெயிலில் எஃப்/1.4-இல் எடுக்க நினைப்பவர்கள் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வாங்க வேண்டும். அடுத்து வந்த டி750-க்கு வேறு சங்கடம்: விளக்கு ஃப்ரேமுக்குச் சற்று மேலே இருந்தால் படத்தின் மேல்பகுதியில் வெட்டினாற்போல ஒரு ஒளிப்பட்டை. அது சரிசெய்யப்பட்ட கேமராவில் டிரைபாட் துளைக்குள் சின்னக் கறுப்புப் புள்ளி வைத்திருப்பார்கள். கேமராவைக் கவிழ்த்துப் பார்க்க ஒரு நொடி போதும்.

சோனி ஏ7ஆர், 2013. 36 மெகாபிக்சல், பெட்டியைத் தூக்கினால் காலியோ என்று சந்தேகம் வரும் எடை. இதன் வினை ஷட்டரின் உதை. பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் ஷட்டர் எப்போதும் திறந்தே இருக்கும். பட்டனை அழுத்தினால் முதலில் மூடி, பிறகு படத்துக்காகத் திறந்து, மறுபடி மூட வேண்டும். கூடவே வந்த ஏ7-இல் முதல் திரையை மின்னணு முறையில் வைத்து இந்த அதிர்வைத் தவிர்த்துவிட்டார்கள். விலை கூடிய ஏ7ஆரில் அந்த வசதி இல்லை. விளைவு, டிரைபாடில் டெலி லென்ஸ் மாட்டி 1/60 முதல் 1/160 வினாடி வரை எடுத்தால் 36 மெகாபிக்சலில் பாதி அதிர்விலேயே கரைந்துவிடுகிறது. கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் இன்னும் மோசம். கனமான டிரைபாட் வாங்கினால் சரியாகும் என்பது தப்புக்கணக்கு. உதை கேமராவுக்குள்ளேயே பிறக்கிறது. 1/250-க்கு மேல் போங்கள், இல்லையென்றால் சில வினாடிகள் நீளும் எக்ஸ்போஷருக்கு இறங்கிவிடுங்கள். வைட் லென்ஸ் மட்டுமே மாட்டி நிலக்காட்சி எடுப்பவருக்கு இந்தக் குறை கண்ணில் படாமலே போகலாம். பிறகு கணினியில் திருத்துவதற்கான ரா கோப்பும் தரத்தை இழக்கும் வகைச் சுருக்கம்தான். நட்சத்திரக் கோடு போல இருட்டில் கூர்மையாக வெளிச்சம் வெட்டும் இடங்களில் ஓரம் பிசிறும். சுருக்காத ரா 2015-இல் அடுத்த தலைமுறைக்கு வந்தது, இதற்கு வரவே இல்லை. 1020 எம்ஏஎச் பேட்டரியைப் பற்றி ஒரே வரி: மூன்று வைத்துக்கொள்ளுங்கள்.

லென்ஸ் பக்கம் வந்தால், கல்யாண வீடியோ, போட்டோ எடுப்பவர்கள் பையில் தவறாமல் கிடக்கும் கேனான் இஎஃப் 50 எம்எம் எஃப்/1.4 யுஎஸ்எம். 1993-லிருந்து விற்ற லென்ஸ். பேரில் யுஎஸ்எம் (அல்ட்ராசோனிக் மோட்டார்) இருந்தாலும் இது பெரிய லென்ஸ்களில் இருக்கும் வளைய மோட்டார் இல்லை, மைக்ரோ யுஎஸ்எம். ஃபோகஸ் கிட்டே வர வர உள்குழல் வெளியே நீளும். நீண்டிருக்கும் நேரத்தில் முன்பக்கம் எதிலாவது லேசாக இடித்தால், உள்ளே அது வழுக்கி ஓடும் காடி நெளிந்துவிடும். வெளியில் ஒரு கீறல்கூடத் தெரியாது. ஆட்டோ ஃபோகஸ் மட்டும் நடுவழியில் முனகி நின்றுவிடும். மோட்டார் போய்விட்டது என்று நினைத்து அதை மாற்றுகிறார்கள், பழுது அங்கே இல்லை.

வாங்கும்போது மேனுவல் ஃபோகஸ் வளையத்தை 0.45 மீட்டரிலிருந்து முடிவிலி வரை ஒரே விரலால் மெதுவாகத் திருப்புங்கள். எண்ணெயில் ஓடுவது மாதிரி சீராக இருக்க வேண்டும். ஓரிடத்தில் இறுகி, தாண்டியதும் தளர்ந்தால் காடி நெளிந்திருக்கிறது. பிறகு லென்ஸைத் தலைகீழாகவும் மேல்நோக்கியும் பிடித்து ஆட்டோ ஃபோகஸை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட்டிப் பாருங்கள். எடைக்கு எதிராக ஏறும்போதுதான் சாயம் வெளுக்கும். நல்லதாகக் கிடைத்துவிட்டால் இரண்டே பழக்கம் காப்பாற்றும். பையில் வைக்குமுன் முடிவிலிக்குத் திருப்பிக் குழலை உள்ளே இழுத்துவிடுங்கள். ஹூடைக் கழற்றாதீர்கள்: இஎஸ்-71 II ஹூட் அசையாத வெளிக்குழலில் மாட்டுகிறது, இடியை அது வாங்கிக்கொள்ளும். படத்தைப் பொறுத்தவரை எஃப்/1.4-இல் எல்லாவற்றின் மேலும் ஒரு மெல்லிய மூட்டம், எஃப்/2-இல் தெளிவு, எஃப்/2.8-இல் அருமை. எஃப்/2.8-இல்தான் எடுக்கப்போகிறீர்கள் என்றால் 2015-இல் வந்த 50 எம்எம் எஃப்/1.8 எஸ்டிஎம் போதும், உலோக மவுண்ட், ஏழு இதழ் அபர்ச்சர், விலையும் குறைவு. அதற்கு முந்தைய 1.8 II பிளாஸ்டிக் மவுண்ட். கீழே விழுந்தால் இரண்டாகக் கழன்று வரும்.

எஃப்/1.4-இலிருந்து தாவி கேனானின் 50 எம்எம் எஃப்/1.2 எல் லென்ஸ் வாங்குபவர்களுக்குக் காத்திருப்பது வேறு கதை. இது கட்டுமானத்தில் பாறை, நிறத்தில் அழகு. ஆனால் அபர்ச்சரை மூட மூட ஃபோகஸ் பின்னால் நகர்கிறது. லென்ஸின் ஓரம் வழியாக வரும் கதிரும் நடு வழியாக வரும் கதிரும் ஒரே இடத்தில் கூடுவதில்லை. எஸ்எல்ஆர் கேமரா (பிரதிபலிப்புக் கண்ணாடி உள்ள வகை) முழுத் திறப்பில் ஃபோகஸ் பிடித்துவிட்டு, க்ளிக் ஆகும் நொடியில் அபர்ச்சரை மூடி ஓரக் கதிர்களை வெட்டிவிடுகிறது. கூடுமிடம் மாறிவிடுகிறது. கிட்டத்தில் இந்தக் கோளாறை ஈடுகட்டும் மிதக்கும் கண்ணாடித் தொகுதியும் இதில் இல்லை. ஒரு மீட்டருக்குள், எஃப்/2-க்கும் எஃப்/2.8-க்கும் நடுவில் மணப்பெண்ணின் கண்ணில் பிடித்த ஃபோகஸ் ஜிமிக்கியில் போய் உட்காரும்.

மேசையில் ஒரு ஸ்கேலை 45 பாகைச் சாய்வில் வைத்து, முக்கால் மீட்டரில் டிரைபாட் போட்டு, எஃப்/1.2-இல் 15 சென்டிமீட்டர் கோட்டில் ஃபோகஸ் பிடித்து, உடனே மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். ஃபோகஸைத் தொடாமல் 1.4, 2, 2.8, 4 என்று வரிசையாக எடுத்தால் கூர்மை பின்னோக்கி நடந்துபோவதைப் படத்திலேயே பார்க்கலாம். எஃப்/4-க்கு அப்புறம் ஆழம் கூடி அதை மூடிமறைத்துவிடும். கேமராவில் உள்ள ஃபோகஸ் நுண்திருத்தம் இதற்கு மருந்தில்லை: அது எல்லா அபர்ச்சருக்கும் ஒரே அளவுதான் நகர்த்தும், இந்தப் பிழையோ அபர்ச்சருக்கு அபர்ச்சர் வேறு. லைவ் வியூவில் ஆழம் காட்டும் பட்டனை அழுத்திக்கொண்டு, பெரிதாக்கிப் பார்த்து, கையால் ஃபோகஸ் செய்தால் சரியாக விழும். ஓடி ஓடி எடுக்கும் வேலைக்கு அது ஆகாது. எஃப்/1.2-இலேயே எடுப்பேன், இல்லையென்றால் எஃப்/4-க்குப் போவேன் என்பவர் மட்டும் வாங்கலாம்.

சிலவற்றுக்கு இவ்வளவு பேச்சு வேண்டாம். கேனான் இஓஎஸ் எம் 2012-இல் வந்தபோது ஃபோகஸ் நத்தை வேகம். 2013-இல் வந்த ஃபர்ம்வேர் (கேமராவின் உள்மென்பொருள்) 2.0.2 போட்டால் தேவலை, கூட வந்த 22 எம்எம் எஃப்/2 லென்ஸ் அருமை, ஆனால் மவுண்ட்டின் ஆயுளே முடிந்துவிட்டது. நிக்கான் 1 வரிசையில் ஃபோகஸ் மின்னல், சென்சார் ஒரு இன்ச். மாலை மயங்கினால் படம் மணல் மணலாகும். 2018-இல் அதையும் ஏறக்கட்டிவிட்டார்கள். எடுத்த பிறகு ஃபோகஸ் மாற்றலாம் என்று 2012-இல் வந்த லைட்ரோ கேமராவிலிருந்து கடைசியில் கிடைத்தது சுமார் 1.2 மெகாபிக்சல் படம். நிறுவனமே இல்லாத இன்று அது அலமாரிப் பொருள். ஹாசல்பிளாட் லூனார், சோனி நெக்ஸ்-7-க்கு மரப்பிடி வைத்து ஐயாயிரம் யூரோ சொன்ன கூத்து.

லைக்கா எம்8 (2006) வேறு ரகம். ஓரக் கதிர்கள் சாய்வாக விழுவதைச் சமாளிக்க, சென்சாரின் மேலுள்ள அகச்சிவப்புத் தடுப்பை அரை மில்லிமீட்டருக்கு மெலிதாக்கினார்கள். கறுப்பு நைலான், பாலியெஸ்டர் எல்லாம் கத்திரிப்பூ நிறத்தில் வந்தது. வாங்கியவர்களுக்கு யுவி/ஐஆர் ஃபில்டர் இரண்டை இலவசமாகக் கொடுத்துச் சமாளித்தார்கள். இன்று வாங்கினால் அந்த ஃபில்டரை ஒவ்வொரு லென்ஸுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வைட் லென்ஸில் ஃபில்டர் போட்டால் மூலையில் நீலப்பச்சை ஏறும், அதைத் திருத்த கேமரா அடையாளம் காணும் குறியீடு லென்ஸில் இருக்க வேண்டும். கறுப்பு வெள்ளைக்கு மட்டும் என்றால் ஃபில்டரே வேண்டாம். எம்9-இல் சென்சாரின் மேல்கண்ணாடி அரிக்கிறது. அதே வெள்ளைச் சுவர், அதே எஃப்/16: துடைத்தாலும் போகாத, சுற்றிலும் வளையம் கட்டிய புள்ளி தெரிந்தால் விலகிவிடுங்கள். இலவச மாற்றம் எப்போதோ நின்றுவிட்டது. கடற்கரை ஊர் ஈரத்தில் சென்சார் மாற்றாத எம்9 வைத்திருப்பது துணிச்சல்.

பென்டாக்ஸ் கே-30 (2012), கே-50 (2013). இந்த விலையில் தூசியும் மழையும் தாங்கும் பாடி, முழுப் பரப்பையும் காட்டும் கண்ணாடிப் பட்டக வியூஃபைண்டர்: போட்டியாளர்கள் யாரும் தராதது. கெடுத்தது அபர்ச்சர் நெம்பை நிறுத்தும் சின்ன சோலினாய்டு, அதாவது தண்டை இழுத்து விடும் மின்காந்தம். அதன் தண்டு காந்தத்தில் ஒட்டிக்கொண்டு உரிய நேரத்தில் விடாவிட்டால், நெம்பு கடைசிவரை ஓடி லென்ஸ் எஃப்/22-க்கு மூடிக்கொள்ளும். படம் கும்மிருட்டு. பழுது பார்ப்பவர்கள் பழைய பென்டாக்ஸ் பாடியிலிருந்து வெள்ளை நிற சோலினாய்டைக் கழற்றிப் போடுகிறார்கள், அல்லது இருக்கும் தண்டின் நுனியை மெல்லிய உப்புத்தாளில் தேய்த்துப் பிடிப்பைக் குறைக்கிறார்கள். முன் கூட்டைக் கழற்றி, ஃப்ளாஷ் கெபாசிட்டரை முதலில் டிஸ்சார்ஜ் செய்துவிட்டுச் செய்ய வேண்டிய வேலை, கைப்பழக்கம் இல்லாதவர்கள் தொட வேண்டாம். அபர்ச்சர் வளையமுள்ள பழைய லென்ஸ் இருந்தால் மெனுவில் வளையத்தை அனுமதித்து, கேமராவே அபர்ச்சரை அமைக்கும் 'ஏ' குறியிலிருந்து திருப்பி வையுங்கள். நெம்பு எவ்வளவு ஓடினாலும் வளையம் சொன்ன அளவில் நிற்கும், கேமராவைத் தொடர்ந்து ஓட்டலாம்.

இந்தக் கோளாறு கேமரா சும்மா கிடந்த பிறகு முதல் சில படங்களில்தான் தலைகாட்டும். பத்துப் பதினைந்து க்ளிக் ஆனதும் நல்ல பிள்ளையாகிவிடும். விற்பவர் வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால், முந்தைய நாளிலிருந்தே ஆன் செய்யாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். எஃப்/5.6-இல் வைத்து முதல் க்ளிக்கை நீங்களே அடியுங்கள்.