மலையில் கேமராவுக்குக் காப்பீடு: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கோத்தகிரியில் இருந்துகொண்டு திருமணங்களையும் தேயிலைத் தோட்டங்களையும் படம்பிடித்துப் பிழைப்பவன் என்ற முறையில், என் கேமராக்கள், லென்ஸ்கள், ஃபிளாஷ்கள் அனைத்துக்கும் பல ஆண்டுகளாகக் காப்பீடு எடுத்து வருகிறேன். அது எனக்குப் பயன்பட்டிருக்கிறது; என்னைக் கைவிட்டதும் உண்டு. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. இன்ன நாளில், இன்ன இடத்தில், திடீரென்று நடந்தது என்று காட்டக்கூடிய இழப்புக்கு மட்டுமே இந்தப் பாலிசி பணம் தரும். மெல்ல மெல்ல நிகழும் இழப்பு எவ்வளவு பெரிதானாலும் அதற்குள் வராது.

வீட்டுப் பொருள்களுக்கான காப்பீட்டில் கேமராவையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று முகவர்கள் சொல்வதுண்டு. பொழுதுபோக்குக்குப் படமெடுப்பவருக்கு அது போதுமானதாக இருக்கலாம். கூலி வாங்கிக்கொண்டு படமெடுப்பவர், தொழில்முறைப் பயன்பாட்டுக்கு அந்தப் பாலிசியில் விலக்கு இருக்கிறதா என்பதை முதலில் படித்துப் பார்க்க வேண்டும். நான் எடுத்திருப்பது, எடுத்துச் செல்லும் கருவிகளுக்கான தனிப் பாலிசி. கருவி ஒவ்வொன்றின் பெயரும் சீரியல் எண்ணும் மதிப்பும் அதன் அட்டவணையில் தனித்தனியாக இருக்கின்றன. அட்டவணையில் இல்லாத பொருளுக்கு ஒரு ரூபாயும் கிடையாது என்பதால், புதிதாக ஒரு லென்ஸ் வாங்கினால் பில்லை அன்றே அனுப்பிச் சேர்த்துவிடுகிறேன்.

விபத்துச் சேதத்துக்கு நான் இழப்பீடு பெற்றது கோடநாடு காட்சிமுனையில் நடந்த ஒரு சம்பவத்துக்காக. பலத்த காற்றில் டிரைபாடு சாய்ந்து, நீள லென்ஸ் கல்லில் மோதியது. முன்கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கேமராவோடு சேரும் உலோக வளையம் ஒரு பக்கம் நெளிந்து, அதைப் பிடித்திருந்த திருகுகளில் ஒன்று பிய்ந்து வந்திருந்தது. எதையும் கழற்றாமல், கிடந்த கிடையிலேயே நாலு பக்கமும் படமெடுத்து, அன்று மாலையே நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் தெரிவித்தேன். சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் பார்க்கும் முன் பழுது பார்க்கக் கொடுத்தால் கோரிக்கை பலவீனமாகிவிடும் என்பதால் லென்ஸை அப்படியே வைத்திருந்தேன். வந்தவர் கைவிளக்கை அடித்து முதலில் பார்த்தது சேதத்தை அல்ல, சீரியல் எண்ணை. அது அட்டவணையோடு ஒத்துப்போன பிறகே மற்றதைப் பார்த்தார். கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டரின் மதிப்பீடும் பிறகு பில்லும் கொடுத்தேன். என் பங்காகக் கழிக்கப்படும் கழிவுத் தொகை போக மீதி வந்தது. என் பாலிசியில், பழுது பார்க்கக்கூடிய சேதமென்றால் மாற்றிய பாகங்களுக்குத் தேய்மானம் கழிப்பதில்லை. கருவி முழுவதுமாக அழிந்தாலோ திருடுபோனாலோ மட்டும் வயதுக்கேற்பக் கழித்துத் தருவார்கள். எல்லா நிறுவனங்களும் இப்படி எழுதுவதில்லை என்பதால், எடுக்கும் முன் இந்த ஒரு வரியையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிரீமியத்தைக் குறைக்க மதிப்பைக் குறைத்துப் போடுவது பெரிய இழப்பில் முடியும். இன்று புதிதாக வாங்கினால் 4 லட்சம் ஆகும் கருவிகளை 2 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால், 40,000 ரூபாய் பழுதுச் செலவுக்கு விகிதப்படி 20,000 ரூபாய்தான் கணக்கில் வரும். கழிவுத் தொகை அதிலிருந்தும் போகும். விலை ஏறும்போது தொகையையும் ஏற்ற வேண்டும். நான் ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் கடை விலையைக் கேட்டு மாற்றுகிறேன்.

திருட்டு விஷயத்தில் மலை ஊர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. வண்டியிலிருந்து திருடுபோனால், கதவும் கண்ணாடியும் பூட்டப்பட்டு, பை வெளியே தெரியாத டிக்கியில் இருந்திருக்க வேண்டும் என்பது பல பாலிசிகளின் நிபந்தனை. மசினகுடிப் பக்கம் ஓடும் திறந்த ஜீப்புக்கு டிக்கி ஏது? அங்கே பையைத் தோளிலிருந்து இறக்குவதில்லை என்பதைத் தவிர வேறு வழியில்லை. விடுதி அறையிலிருந்து போனால் பூட்டு உடைக்கப்பட்ட அடையாளத்தைக் கேட்பார்கள். உதவியாளரோ கூட்டாளியோ எடுத்துச் சென்றதும், வாடகைக்குக் கொடுத்தது திரும்பாததும் என் பாலிசியில் விலக்கு.

குன்னூரில் உள்ள நண்பர் ஒருவரின் பை மண்டபத்தில் காணாமல் போனபோது, காவல் நிலையத்தில் மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் தந்தார்கள். அதை வைத்துக்கொண்டு கோப்பு நகரவே இல்லை. பை எங்கோ தவறிவிட்டது என்பதற்கும் திருடப்பட்டது என்பதற்கும் காப்பீட்டில் பெரிய வித்தியாசம். புகாரில் கடைசியாகப் பையைப் பார்த்த நேரத்தையும் இடத்தையும் தெளிவாக எழுதி, முதல் தகவல் அறிக்கை பதியச் சொல்ல வேண்டும். 2024 ஜூலை 1 முதல் திருட்டு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவில் வருகிறது. அறிக்கையின் நகலைப் புகார்தாரருக்குக் கட்டணமின்றித் தர வேண்டும். சில மாதங்களுக்குப் பின், பொருளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றையும் நிறுவனம் கேட்கும்.

எனக்கு மறுக்கப்பட்ட கோரிக்கை பூஞ்சை பற்றியது. கோத்தகிரிக்குத் தென்மேற்குப் பருவமழையைவிட வடகிழக்குப் பருவமழையே கனமாக வரும். ஐப்பசி, கார்த்திகையில் சுவரே வியர்க்கும். அந்த ஈரத்தில் லென்ஸின் உள்கண்ணாடியில் சிலந்தி வலைபோல் வெள்ளை இழைகள் படர்ந்துவிட்டன. படிப்படியான சீர்கேடு என்ற விலக்கைக் காட்டி நிறுவனம் மறுத்தது. வருத்தமாக இருந்தாலும் பாலிசியின் சொற்படி அது சரியே. எந்த நாளில் நேர்ந்தது என்று அதற்குச் சொல்லவும் முடியாது. பிறகு மின்சார டிரை கேபினெட் வாங்கி, ஈரப்பதத்தை 45 சதவீத அளவில் வைத்திருக்கிறேன். மலையில் வேலை செய்பவர் முதலில் செலவழிக்க வேண்டியது இதற்குத்தான் என்பது என் உறுதியான கருத்து. காப்பீடு அதற்கு அடுத்தது.

நியாயமான கோரிக்கையை நிறுவனம் மறுத்தால், முதலில் அதன் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். அதற்குக் கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. பில்கள், சீரியல் எண் தெரியும் படங்கள், நிறுவனத்துக்கு எழுதிய மின்னஞ்சல்கள் ஆகியவற்றின் நகல்களை, கருவிப் பையில் அல்லாமல் வேறிடத்தில் வைத்திருந்தால் அந்த மனுவை ஒரே நாளில் எழுதிவிடலாம்.